குத்தகையிலுள்ள நஞ்செய் நிலத்தைக் கிரயத்திற்கு வாங்குதல்

நஞ்செய் நிலத்தில் முதல் போட விரும்புவோர் முதலாவது பத்திரத்தைப் பார்க்கிறார்கள்; பின்பு பாசன வசதியைப் பார்க்கிறார்கள். அந்நிலத்தை உழுது பயிரிடுகிறவர் யார் என்னும் விசாரணை பெரும்பாலும் கிரயம் முடிந்த பின்னரே நடைபெறுகிறது. இது தலைகீழான வரிசையாகும். குத்தகைதாரருடைய உரிமை நிலம் கைமாறுவதனால் அழிவதில்லை. பழைய சொந்தக்காரர் நின்ற இடத்தில் வாங்கினவர் வந்து நிற்கிறார், அவ்வளவே.

1955-ஆம் வருஷத்துப் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தம் சொந்த உழைப்பினாலோ குடும்பத்தாரின் உழைப்பினாலோ பிறருடைய நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிடுகிறவரை நினைத்தபோது வெளியேற்ற இயலாது. குத்தகை பாக்கி வைத்தல், நிலத்திற்கோ பயிருக்கோ கேடு செய்தல், சாகுபடியை அடியோடு கைவிடுதல், விவசாயமல்லாத காரியத்திற்கு நிலத்தை உபயோகித்தல், சொந்தக்காரருடைய பாத்தியத்தை வேண்டுமென்றே மறுத்தல் ஆகிய காரணங்கள் இருந்தாலன்றி வெளியேற்றம் கோர இடமில்லை. அப்போதும் வருவாய்க் கோட்ட அதிகாரியிடம் மனுச் செய்தே பரிகாரம் பெறவேண்டும். ஒப்பந்தம் வாய்மொழியாக இருந்தது என்பதனால் மட்டும் குத்தகைதாரர் தம் பாதுகாப்பை இழந்துவிடுவதில்லை.

இங்கேதான் வாங்குவோர் பலர் ஏமாறுகிறார்கள். வில்லங்கச் சான்று பதிவான தஸ்தாவேஜுகளை மாத்திரமே காட்டும். தந்தை காலந்தொட்டு வாய்மொழியாக நடந்துவரும் குத்தகை அதில் ஒரு வரிகூட இராது. முப்பது வருஷத்திற்கு வில்லங்கம் பார்த்து, "சுத்தம்" என்று மகிழ்ந்து பணத்தை எண்ணிக் கொடுத்தவர், நாற்றங்காலுக்கு ஏர் கொண்டுபோன அன்றுதான் வரப்பில் நிற்பவரைக் காண்கிறார். ஆதலால் சில வருஷத்து அடங்கல்களில் அனுபோகதாரர் பெயரை ஒத்துப் பார்ப்பது அவசியம். கர்ணம், முனிசீப் பதவிகள் 1980-இல் நீக்கப்பட்ட பின் இக்கணக்குகள் கிராம நிர்வாக அலுவலர் வசம் உள்ளன. 1969-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஏற்பட்ட குத்தகை உரிமைப் பதிவேட்டைத் தாலூகா அலுவலகத்தில் பார்க்க வேண்டும். பதிவேட்டில் பெயரில்லை என்றாலும் அமைதி கொள்ளலாகாது. நடவுக் காலத்திலோ அறுவடைக் காலத்திலோ நேரில் சென்று, களத்தில் நெல் யாருக்கு அளக்கப்படுகிறது என்று பக்கத்து வயற்காரரைக் கேட்பதே உறுதியான வழி. கோடையில் தரிசாகக் கிடக்கும் வயல் எவருடையது என்று மண் சொல்லாது.

கோயில் நிலமும் பஞ்சமி நிலமும் வேறு வகை. முன்னதை அறநிலையத் துறையின் அனுமதியின்றி விற்க முடியாது. பின்னது ஒடுக்கப்பட்ட வகுப்பார்க்கென நிபந்தனையுடன் அளிக்கப்பட்டது. மற்றவர்க்கு அதை எழுதி வாங்குவதால் பாத்தியம் உண்டாகாது.

குத்தகையோடு நிலத்தை வாங்குவது தவறன்று; விலையை மாத்திரம் சரியாகக் கணிக்க வேண்டும். 1956-ஆம் வருஷத்து நியாய வாரச் சட்டப்படி சொந்தக்காரர் பங்கு, சாதாரண மொத்த மகசூலில் 100-க்கு 25 ஆகும். 3 ஏக்கர் நிலத்தில் ஏக்கருக்கு 30 மூட்டை காணுமென்று வைத்துக்கொண்டால் மொத்தம் 90 மூட்டை. விற்பவர் காட்டுவது இந்தத் தொண்ணூற்றை. வாங்குபவர் கைக்கு வருவதோ 22½ மூட்டை. சொந்தச் சாகுபடிக் கணக்கில் விலை கொடுத்தவர் கடன் வாங்கியிருந்தால் வட்டிக்கே அந்நெல் போதாது. குத்தகைதாரர் தாமாக இசைந்து, நிலத்தில் ஒரு பகுதியைத் தம் பெயருக்கு எழுதிக்கொண்டு எஞ்சியதை விட்டுக்கொடுப்பதும் உண்டு. அவ்வாறாயின் கிரயத்திற்கு முன்பே, அவர் முன்னிலையில், உரிய பத்திரமாக எழுதிப் பதிவு செய்துகொள்வது உசிதம். விற்பவர் "பேசி முடித்துவிட்டேன்" என்று சொல்லும் சொல்லுக்கு விலையில்லை.

வாங்கினபின் குத்தகை நெல்லுக்கோ பணத்துக்கோ ஒவ்வொரு தவணைக்கும் ரசீது கொடுத்து அடிக்கட்டையை வைத்திருக்க வேண்டும். வாங்க மறுத்தால் குத்தகைதாரர் அதனை வருவாய் நீதிமன்றத்தில் கட்டிவிடலாம். பின்பு பாக்கி என்று வாதிக்க வழியிராது. கிராம அலுவலர்களும் அடங்கலை வீட்டிலிருந்தபடியே முந்தின வருஷத்தைப் பார்த்து எழுதாமல், வயலுக்குச் சென்று உள்ளபடி எழுதுவார்களாயின், இரு தரப்பாருக்கும் அநேக வழக்குகள் மிச்சமாகும்.