முதலில் எலியைப் படி

கிளிநொச்சி
மாசி மாதம்

அன்பு மகனுக்கு,

நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவை மூன்று தரம் கேட்டேன். பாம்பைப் பற்றி ஒன்பது கேள்வி, எலியைப் பற்றி ஒரேயொரு கேள்வி. “சித்தப்பா, எலியை வீட்டிலேயே வளர்த்தால் காசு மிச்சம்தானே?” இந்தக் கடிதம் முழுக்க அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான். பாம்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர், சூடு, ஒளிந்துகொள்ள ஓர் இடம் கொடுத்தால் அது தன்பாட்டில் இருக்கும். நீ படிக்க வேண்டியது எலியை.

போன ஓகஸ்ட்டில் நீ இங்கே நின்றபோது சிறுபோக அறுவடை நடந்தது. இரணைமடு வாய்க்கால் வரம்பில் ஒரு சாரை பொந்துக்குள் தலையை விட்டு, உடம்பை மெல்ல மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டு போனதை நீ மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாய். அன்றைக்குப் பிடித்த ஆசைதான் இது என்று உன் அம்மா சொல்கிறா. அந்தச் சாரைக்கு ஒருவரும் எலி வளர்த்துக் கொடுப்பதில்லை. வரம்பைத் துளைத்து, குடலைப் பருவத்தில் நெல்லை அறுத்துப் போடும் அகழானையும் வயல் எலியையும் அது தானே தேடிப் பிடிக்கிறது. உன் கோர்ன் ஸ்னேக்கின் சொந்தங்களும் அமெரிக்காவின் தென்கிழக்குப் பக்கத்தில், சோளக் களஞ்சியங்களைச் சுற்றி அப்படித்தான் வாழ்கின்றன. ஆனால் உன்னிடம் இருப்பது கண்ணாடிப் பெட்டிக்குள் வந்து சேர்ந்த குட்டி. அதற்குத் தேடிப் பிடிக்க இடமில்லை. அது விழுங்கும் ஒவ்வொரு எலிக்கும் நீதான் பொறுப்பு.

நான் இங்கே வந்து வயல் செய்வதற்கு முன் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் பதினொரு வருஷம் எலிக்கூடு பார்த்தவன் என்பது உனக்குத் தெரியும். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கண்டிப்பு. கராஜில் பொறி வைத்துப் பிடித்த சுண்டெலியைக் கொடுக்கலாமா என்று யோசிப்பாய். கூடாது. வெளியில் திரியும் எலி எந்த வீட்டில் எலி மருந்து தின்றது என்று உனக்குத் தெரியாது. மருந்து தின்ற எலியைத் தின்னும் பாம்பின் உடம்பிலும் அந்த மருந்து சேரும். அந்த எலியின் குடலில் புழு இருக்கும், தோலில் உண்ணி இருக்கும். எலியின் சிறுநீர் என்ன செய்யும் என்பதை எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. 2024 டிசெம்பரில், வெள்ளத்துக்குப் பிறகு, யாழ்ப்பாணத்தில் என்ன காய்ச்சல் என்று தெரியாமலே சனம் செத்தது. பிறகு அது எலிக்காய்ச்சல் என்று கண்டுபிடித்தார்கள். வயலில் இறங்குகிறவர்களுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் டொக்சிசைக்கிளின் குளிசை கொடுப்பது அதற்காகத்தான். காலில் சின்னக் கீறல் இருந்தாலும் நான் சேற்றில் இறங்குவதில்லை.

இனி உன் காசுக் கணக்குக்கு வருவோம். ஓர் ஆண் சுண்டெலி, இரண்டு பெண் சுண்டெலி என்று வை. பெண் எலி சினைப்பட்டு 19 முதல் 21 நாளில் ஈனும். ஓர் ஈற்றுக்கு ஆறு, எட்டு, சிலவேளை பத்துக் குட்டி. ஈன்று ஒரு நாளுக்குள் அது திரும்பவும் சினைப்படும். அப்படியென்றால் மாதத்துக்குப் பதினாறு குட்டியாவது வரும். உன் பாம்புக்குட்டி ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை தின்னும், மாதத்துக்கு ஐந்து போதும். மிச்சம் பதினொன்றை என்ன செய்வாய்? அவையும் ஆறு கிழமையில் பெருகத் தொடங்கும். பாம்பு வளர்ந்து பத்து, பதினான்கு நாளுக்கு ஒன்று என்று தீனி குறையும்போது எலி கூடிக்கொண்டே போகும். சாப்பாடு, மரச்சீவல், துப்புரவு, நாற்றம், உன் அம்மாவின் பொறுமை எல்லாவற்றையும் கூட்டிப் பார். ஒரு பாம்புக்காக எலி வளர்ப்பது நட்டம். ஏழு, எட்டுப் பாம்பு வைத்திருப்பவனுக்குத்தான் அது கட்டும். ஆகவே முதல் ஒரு வருஷத்துக்கு உறையவைத்த எலியைக் கடையில் வாங்கு.

வாங்கும்போது அளவைப் பார். அன்று பிறந்த மயிரில்லாத சிவப்புக் குட்டியைப் பிங்கி என்பார்கள், ஒன்று முதல் இரண்டு கிராம் இருக்கும். பூமயிர் அரும்பியது ஃபஸி. கண் திறந்து துள்ளத் தொடங்கியது ஹொப்பர், ஏழு முதல் பன்னிரண்டு கிராம். வளர்ந்த சுண்டெலி 20 முதல் 30 கிராம். பெரிய எலி இனத்தின் குட்டி பிறக்கும்போதே ஐந்து, ஆறு கிராம் இருக்கும். அது போல் பைதன் வளர்க்கும் உன் சிநேகிதனுக்குப் பொருந்தும், உனக்கு இப்போது வேண்டாம். பாம்பின் உடம்பில் ஆகப் பருத்த இடத்தைப் பார்த்து, அந்தப் பருமனுக்குச் சரியான எலியைக் கொடு. ஒன்றரை மடங்குக்கு மேல் போகாதே. பாம்பு வளர வளர இரண்டு மூன்று பிங்கியாகக் கொடுப்பதை விட்டு, மயிர் முளைத்த ஒன்றுக்கு மாறு. பிங்கியின் எலும்பு இன்னும் முற்றாதது, அதில் கல்சியம் குறைவு. பொதியைத் திருப்பிப் பார்க்கவும் பழகு. உள்ளே பனித்தூள் கட்டியாகக் கிடந்தால் அது ஒருமுறை உருகித் திரும்ப உறைந்திருக்கலாம். மஞ்சள் பட்ட தோல், வெடித்த வயிறு இருந்தால் எடுக்காதே. வீட்டில் ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்காதே.

உருக்குவதில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். முதல்நாள் இரவே பையோடு எடுத்து, மூடியுள்ள தனிப்பெட்டியில் போட்டு, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வை. அடுத்த நாள், பையைத் திறக்காமல், கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் மிதக்க விடு. எலியின் வயிற்றை விரலால் அழுத்திப் பார். நடுவில் கட்டி தட்டுப்பட்டால் இன்னும் உருகவில்லை. மைக்ரோவேவில் வைக்காதே. வெளியே வெந்து உள்ளே உறைந்திருக்கும், சிலவேளை வெடிக்கும். ஈரத்தைத் துடைத்து, நீளமான இடுக்கியில் வாலடியில் பிடித்து, பாம்பின் முகத்துக்கு நேரே நீட்டாமல் பக்கவாட்டில் அசை. தின்ற பிறகு இரண்டு நாள் பாம்பைத் தூக்காதே. பெட்டியின் சூடான பக்கம் 28 முதல் 30 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். சூடு குறைந்தால் எலி வயிற்றில் அழுகி, பாம்பு கக்கிவிடும். கக்கினால் பதறி உடனே அடுத்ததைக் கொடுக்காதே. பத்து நாளாவது பொறுத்து, சின்னதாக ஒன்று கொடு.

உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் விட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இரண்டு காரணம். ஒன்று எலிக்காக. தப்ப வழியில்லாத கண்ணாடிக்குள் அது படும் பாட்டைப் பார்த்தவன் இரண்டாம் தரம் அப்படிச் செய்யமாட்டான். மற்றது பாம்புக்காக. பாம்புக்குப் பசியில்லாத நாளில் எலிக்குப் பசிக்கும். இரவு முழுவதும் உள்ளே விட்ட எலி பாம்பின் முதுகை எலும்பு தெரியக் கடித்துத் தின்ற கதைகள் உண்டு. வயலில் சாரைக்கு விலகிப்போக இடமிருக்கிறது, பெட்டிக்குள் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும், உன் சிநேகிதர் மூன்று பேரோடு சேர்ந்து ஒரு கூடு போடலாம் என்று நீ சொல்லக்கூடும். அந்த யோசனையில் நியாயம் இருக்கிறது. சரி, எலி வளர்க்கும் விதத்தையும் எழுதிவிடுகிறேன்.

அடி 30க்கு 45 சென்ரிமீற்றர் உள்ள பெட்டியில் ஓர் ஆணும் இரண்டு பெண்ணும் இருக்கலாம். மூடியின் கம்பிவலைக் கண் 6 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது. தலை நுழைகிற இடத்தால் சுண்டெலி முழு உடம்பையும் நுழைத்துவிடும். அடியில் அஸ்பென் மரச்சீவல் போடு. தேவதாரு வாசம் அடிக்கும் சீவல் வேண்டாம், அந்த எண்ணெய் எலியின் ஈரலையும் மூச்சுக்குழாயையும் கெடுக்கும். சாப்பாட்டுக்கு ஆய்வுகூட எலிகளுக்கென்று செய்த கட்டித்தீன் நல்லது. குட்டி ஈனும் எலிக்கு அதில் புரதம் 20 சதவீதமளவில் இருக்கட்டும். சூரியகாந்தி விதையை அது ஆசையாகத் தின்னும், ஆனால் அதையே கொடுத்தால் கொழுத்து ஈனாமல் போகும். கொழுத்த எலியைத் தின்னும் பாம்பும் கொழுக்கும். தண்ணீர்ப் போத்தலின் முனையை ஒவ்வொரு நாளும் விரலால் தட்டிப் பார். அடைத்துக்கொண்ட ஒரு போத்தல் கூட்டையே அழித்துவிடும். அறைச்சூடு 20 முதல் 24 பாகை. நாற்றத்துக்கு உன் மூக்கை நம்பாதே, பழகிய மூக்குக்கு அமோனியா தெரியாது. வெளியிலிருந்து வந்த ஒருவர் முகம் சுளித்தால் அன்றைக்கே சீவலை மாற்று.

ஆணை அடிக்கடி மாற்றாதே. 1959இல் ஹில்டா புரூஸ் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்தது இது. புதிதாகச் சினைப்பட்ட பெண் சுண்டெலி முன்பின் தெரியாத ஆணின் வாடை பட்டாலே சினையை இழந்துவிடும். அந்தச் சின்ன உடம்புக்குள் அவ்வளவு கணக்கு இருக்கிறது.

நான் விட்ட பிழை ஒன்றையும் கேள். வேலையில் சேர்ந்து இரண்டாம் மாதம். ஒரு பெண் எலி முதல் ஈற்று ஈன்று ஒரு நாள்தான் ஆகியிருந்தது. கூடு அழுக்காக இருக்கிறதே என்று நல்ல மனதோடுதான் பழைய சீவல் எல்லாவற்றையும் அள்ளி எறிந்துவிட்டுப் புதுச்சீவல் போட்டேன். அடுத்த நாள் காலை ஒன்பது குட்டியில் ஒன்றும் இல்லை. தாய் தின்றுவிட்டது. வாடை மாறினால், பயந்தால், அது அப்படிச் செய்யும். அன்று முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஈன்று முதல் ஐந்தாறு நாள் கூட்டைக் கலைக்காதே. பார்க்க வேண்டுமென்றால், தாய் தீனுக்கு எழும்பி வரும் நேரம் அந்தக் கூட்டின் சீவலிலேயே கையைத் தேய்த்துவிட்டு, மேலே மூடியிருக்கும் காகிதத் துணுக்குகளை ஒரு விரலால் விலக்கு. குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக, உரித்த வெங்காயத் தோல் போன்ற தோலோடு கிடக்கும். இடது விலாவுக்குக் கீழே ஒரு வெள்ளைப் பட்டை தெரிகிறதா என்று பார். அது வயிற்றில் நிறைந்த பால். எல்லாக் குட்டியிலும் பட்டை இருந்தால் மூடிவிட்டு வந்துவிடு, தாய் தன் வேலையைச் செய்கிறது. மூன்றாம் நாள் காது விரியும், ஒரு கிழமையில் மயிர் மூடும், பதின்மூன்றாம் நாளளவில் கண் திறக்கும். 21ஆம் நாள் தாயிடமிருந்து பிரி, அடுத்த ஈற்று அப்போது வாசலில் நிற்கும். பிரிக்கும்போது ஆணையும் பெண்ணையும் வேறாக்கு. வாலடியிலிருக்கும் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் தூரம் கூடியது ஆண். ஐந்து, ஆறு ஈற்றுக்கு மேல் ஒரு தாயை வருத்தாதே.

கொல்வதைப் பற்றியும் எழுதாமல் விட முடியாது. எலி வளர்ப்பதென்றால் ஒரு நாள் அதைக் கொல்லவும் வேண்டும், அதை நோகாமல் செய்யத் தெரிய வேண்டும். உயிரோடு உறைபெட்டிக்குள் வைத்தால் தூங்கிப்போகும் என்று சிலர் சொல்வார்கள். அது பொய். அது மெதுவான வதை. ஆய்வுகூடங்களில் கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக ஏற்றுவார்கள், ஆனால் பிறந்த குட்டிகளுக்கு அது எளிதில் வேலை செய்யாது, கனநேரம் துடிக்கும். அதனால் இதை வீடியோ பார்த்துப் படிக்காதே. ஒரு மிருக வைத்தியர் பக்கத்தில் நின்று காட்டித் தந்த பிறகு செய். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் எலிக்கூடு போடாதே. இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

நோயையும் மறக்காதே. 2024இல் கனடாவின் பொதுச் சுகாதார முகவரகமே பாம்புகளாலும் அவற்றுக்குத் தீனியாகும் எலிகளாலும் சால்மொனெல்லா பரவுவதாக எச்சரித்தது. உறைய வைத்தால் அந்தக் கிருமி சாகாது. எலியைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் தங்கச்சியைத் தூக்காதே, சமையல் கழுவுதொட்டியில் எலிப்பெட்டியைக் கழுவாதே. சுண்டெலி காவும் ஒரு வைரஸ் வயிற்றுப்பிள்ளையைத் தாக்கும். ஆகவே வீட்டில் கர்ப்பிணி யாரும் வந்து நின்றால் எலிக்கூட்டின் பக்கம் வர விடாதே.

நீ ஓகஸ்ட்டில் வரும்போது பாம்பையும் கொண்டுவரலாமா என்று கேட்டாய். கொண்டுவர முடியாது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டு ஊர்வனவற்றை இந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள். இங்கிருந்து ஒரு வெங்கிணாந்திக் குட்டியைப் பிடித்து வளர்க்கும் எண்ணமும் வேண்டாம். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதைக் காக்கிறது. அது காட்டிலேயே இருக்கட்டும். உன் பாம்பு ஓகஸ்ட்டில் ஒரு வயதை நெருங்கியிருக்கும். புறப்படுவதற்கு நாலு நாள் முன்பு தீன் கொடு, சிநேகிதனிடம் தண்ணீரை மாற்றச் சொல்லு, இரண்டு கிழமை அது பட்டினி தாங்கும். அதுவரை ஒரு கொப்பியில் திகதி, எலியின் கிராம், பாம்பின் கிராம், சட்டை கழற்றிய நாள் நான்கையும் எழுதி வா. வரும்போது அதைக் கொண்டுவா.

காலபோக வெட்டு முடிகிறது. நீ பார்த்த அந்தப் பொந்துக்குப் பக்கத்தில் போன கிழமை ஒரு சட்டை கிடந்தது, தலையிலிருந்து வால் நுனிவரை கிழியாமல். கழற்றும்போது அது கொஞ்சம் இழுபட்டு நீளும் என்று கழித்துப் பார்த்தாலும் நாலு முழத்துக்குக் குறையாது. பேப்பரில் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்திருக்கிறேன், உனக்கு.

அன்புடன்,
சித்தப்பா