முட்செடிகளும் அவற்றின் பெயர்ப்பொருளும்

கொழும்பிலே வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களில் நம்மிடம் கற்க வரும் பிள்ளைகளுட் பலர் காலில் முள் தைத்தறியாதவர். மாடிவீட்டிலே வளர்ந்து, சப்பாத்தணிந்து, சீமெந்து நிலத்தில் நடப்பவர்க்கு முள் என்பது மணிக்கூட்டின் முள்ளேயாம். வில்வ மரத்திலும் முள் உண்டு என்று கூறினால் வியப்படைகின்றனர். இலை தட்டில் வந்துவிடுகின்றது. முள் கொப்பிலே நின்றுவிடுகின்றது. ஆனால், நம் தலப்பெயர்களிலும் ஊர்ப்பெயர்களிலும் முட்செடிகள் மிகப் பல. செடியை அறியாதார்க்கு அதன் பெயர் வேறொரு பொருளைக் கொடுத்துவிடும். ஆதலின், இதுபற்றி ஆசிரியர்க்குச் சில கூறுவாம்.

வேல் என்னுஞ் சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். கொழும்புப் பிள்ளை வேல் என்றவுடன் காலி வீதி வழியே தேரேறி வரும் ஆடிவேலை நினைக்கும். அது நன்றே. ஆயினும், வேல் ஒரு மரத்தின் பெயருமாம். கருவேல், வெள்வேல், குடைவேல் என அது பல வகைப்படும். இலைக்காம்பின் அடியில் இவ்விரண்டாக நேரிய முள் கொள்ளும். குடைவேலுக்கு உடை என்றும் பெயர்; மன்னார்ப் பகுதியின் வறண்ட நிலத்திலே விரித்த குடைபோல் நிற்பது அதுவே. உடை என்பதற்கு ஆடை என்று மாத்திரம் பொருள் எழுதும் மாணாக்கனை நாம் குறைகூறலாகாது. அவன் மன்னாரைக் கண்டிலன்.

சென்னைக்கு மேற்கேயுள்ள திருவேற்காடு திருஞானசம்பந்த சுவாமிகளின் பதிகம் பெற்ற தலம். மூர்க்கநாயனார் அவதரித்த பதி. அங்கே தலவிருட்சம் வேல மரம். வேதங்களே வேல மரங்களாய் நின்று இறைவனை வழிபட்டன என்பது தலவரலாறு. வேல் + காடு = வேற்காடு எனப் புணர்ச்சி காட்டி, நிலைமொழி மரப்பெயர் என்பதையும் உடன் கூறுக. கூறாவிடின், வேலாயுதம் நிறைந்த காடு என்று பிள்ளை எழுதும். அல்லது வேறு காடு என்று பிரிக்கும். இரண்டையும் யாம் விடைத்தாள்களிற் கண்டுள்ளோம்.

மிஷனாரிமார் நிறுவிய கலாசாலையில் யாம் படித்த நாளில், ஆதி மனிதன் பிழைத்தமையால் நிலம் சபிக்கப்பட்டு முள் முளைத்தது என்று கற்றோம். பின்னர் முண்முடியின் வரலாற்றையும் கற்றோம். அங்கே முள் பாவத்துக்கும் துன்பத்துக்கும் அடையாளம். அது அச்சமயத்தார் கொண்ட பொருள். அதனை இகழ்தல் நமக்கு வேண்டுவதன்று. நம்மவரோ முள் மரத்தைத் தலவிருட்சமாக வலம் வந்தனர். ஒரே முள்ளுக்கு இரு நாட்டார் இரு பொருள் கண்டமையை மேல்வகுப்பு மாணவர் ஆராய்தல் பயனுடையது.

சப்பாத்துக்கள்ளி அமெரிக்காக் கண்டத்திலிருந்து வந்த செடி. அதன் தட்டையான தண்டு பாதரட்சையின் அடிபோலத் தோன்றுதலின், போர்த்துக்கேயச் சொல்லாகிய சப்பாத்து என்பதை முன்வைத்து அப்பெயர் இட்டனர். தமிழ்நாட்டிலே சப்பாத்து என்னுஞ் சொல் வழக்கொழிந்தமையின், அங்குள்ளார் அதனைச் சப்பாத்திக்கள்ளி ஆக்கினர். அதன் தண்டு கோதுமைச் சப்பாத்திபோல வட்டமாயிருத்தலால் வந்த பெயர் என்று காரணமுங் கூறுகின்றனர். நாடோறும் சப்பாத்தணியும் நம் பிள்ளைகளுக்கு உண்மைக் காரணம் காலிலேயே கிடக்கின்றது. இன்னொன்றும் காட்டலாம். திருகுகள்ளி, இலைக்கள்ளி முதலியவற்றைக் கீறினாற் பால் வடியும். சப்பாத்துக்கள்ளியிற் பால் இல்லை. அது கள்ளிக் குடும்பத்ததன்று. தோற்றத்தால் அப்பெயர் பெற்றது.

முள்முருக்கு இவற்றினும் நமக்கு அணிமையானது. அதனை முள்முருங்கை என்றும் கலியாணமுருங்கை என்றும் வழங்குகின்றோம். உண்மையில் அது நாம் கறிசமைக்கும் முருங்கைக்கு இனமன்று, அவரையினத்தது. முருக்கு என்னும் பழம்பெயரே வழக்கில் முருங்கையாய்த் திரிந்தது. முள்ளுடைய இம்மரத்துக்குக் கலியாணத்தோடு யாது தொடர்பு என்று பிள்ளைகள் வினாவுதல் இயல்பு. பொன்னுருக்கிய நாளில் கன்னிக்கால் என ஊன்றுவது இம்மரத்தின் தடியே. யாழ்ப்பாணத்து வேலியிலே கதியாலாக நடுவதும் இதுவே. வெட்டிய தடியை மண்ணில் ஊன்றிய சில நாளில் துளிர்க்கும். ஆதலின், புதுக்குடி தழைப்பதற்கு அது தக்க குறியாகும். வெள்ளவத்தை மாடிவீட்டில் மண் நிறைத்த வாளியில் அதனை நாட்டி, மணம் முடிந்தபின் துளிர்க்குமுன்னே எறிந்துவிடுகின்றனர். குறி இருக்கின்றது, அதன் காரணத்தைக் கண்ணாற் காண்பார் இலர். பாடசாலை மூலையில் ஒரு தடியை ஊன்றி வைத்தால் ஒரு தவணைக்குள் பிள்ளைகள் காண்பர்.

இனி முள்ளி. நீர்முள்ளி குளக்கரையிலும் வாய்க்காலோரத்திலும் ஊதா நிறப் பூவோடு நிற்பது; கணுத்தோறும் முட்கள் சூழ்ந்திருக்கும். சித்த வைத்தியர் நீரடைப்புக்கும் வீக்கத்துக்கும் இதனைக் குடிநீராக்கிக் கொடுப்பர். வடமொழியார் இதனைக் கோகிலாக்ஷம், அஃதாவது குயிலின் கண், என்றனர். தமிழர் முள்ளை நோக்கிப் பெயரிட, அவர் கண்ணை நினைந்து பெயரிட்டது சுவையானது.

முல்லைத்தீவு மாவட்டத்திலே, காட்டுவிநாயகர் கோயில் விளங்கும் முள்ளியவளையும் முள்ளிவாய்க்காலும் உள்ளன. பின்னதன் பெயரைப் பிரித்தால் ஒரு செடியும் ஒரு நீர்வழியும் தோன்றும். ஆயினும், 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிந்தது அக்கரையிலே. பொதுமக்கள் பல்லாயிரவர் மாண்டதும் அப்போரின் இறுதி மாதங்களிலே. உறவினரை ஆங்கிழந்த குடும்பத்துப் பிள்ளைகள் கொழும்பு வகுப்பறைகளிலும் இருக்கின்றனர். அப்பெயர் பாடத்தில் வந்தால் வகுப்பு அடங்கிவிடுகின்றது. ஆசிரியரும் சிலர் அடுத்த ஊருக்குத் தாண்டிவிடுகின்றனர். தாண்டுதல் தகாது என்பது எம் கருத்து. செடியின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, கணுவையும் முள்ளையும் பூவையும் காட்டி, அது நீரோரத்தில் வளர்வதையும் நோய் தீர்ப்பதையும் சொல்லி, அதன்பின் ஊர்ப்பெயரை எழுதுகின்றோம். ஒரு பிள்ளை 2009ஐப் பற்றிக் கேட்டால், அது கேட்ட அளவுக்கு உள்ளதையே சொல்லுகின்றோம்.