நெய்யின் தூய்மைக்கு எள்ளே சாட்சி

கொல்லா நோன்பை மேற்கொண்ட குடும்பத்தார்க்கு உணவின் தூய்மை உடல்நலத்தையும் அறத்தையும் ஒருங்கே சார்ந்தது. நம் அடுக்களையில் நாம் சமைக்கும் உணவிற்கு நாமே பொறுப்பு. கடையில் வாங்கும் உணவிற்கு யார் பொறுப்பு? அதில் கலந்திருப்பதைக் கண்ணால் காண இயலுமா? இவ்வினாக்களுக்கு அறிவியல் ஆய்வு அளிக்கும் விடையை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக இப்பாடத்தில் காண்போம். அவ்வெடுத்துக்காட்டு நெய்.

கழுகுமலையில் பாறையிற் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்களை வணங்கித் திரும்பும் நம்மவர், திருநெல்வேலி வழியே வருங்கால் அல்வா வாங்கி வருவது வழக்கம். சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பால், சர்க்கரை, நெய் ஆகியன சேர்ந்ததே அவ்வல்வா. தாமிரபரணித் தண்ணீரே அதன் சுவைக்குக் காரணம் என்று அவ்வூரார் பெருமையுடன் கூறுவர். இப்பொருள்களுள் விலை மிகுந்தது நெய்யே. எங்கும் கலப்படம் செய்வோர் முதலிற் கைவைப்பதும் நெய்யிலேதான். அல்வாக் கிண்டும் வணிகர் எத்துணை நேர்மையாளராயினும், தாம் வாங்கும் நெய்யின் தூய்மையை அவரும் கண்ணால் மட்டும் அறிய இயலாது. எனவே சோதனை என்பது உண்பவரையும் நேர்மையான வணிகரையும் ஒருசேரக் காப்பது.

வனஸ்பதியில் எள் சேர்த்த காரணம்

தாவர எண்ணெயை நிக்கல் என்னும் உலோகத்தின் துணையுடன் ஹைட்ரஜன் வாயுவோடு சேர்த்தால் அது கெட்டிப்பட்டு உறையும். அதுவே வனஸ்பதி. நிறத்திலும் மணல்மணலான பதத்திலும் நெய்யைப் போலவே அது தோன்றும், விலையோ குறைவு. ஆகவே நெய்யில் அதனைக் கலப்பது எளிதாயிற்று. கலந்ததைக் கண்டுபிடிப்பது அரிதாயிற்று.

இவ்விடத்தில் எள் துணைக்கு வந்தது. நல்லெண்ணெயில் செசமோலின் என்றொரு பொருள் உண்டு. அடர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் அதிலிருந்து செசமால் என்பது பிரியும். உடன் சிறிது சர்க்கரையும் இருந்தால், அச்சர்க்கரை அமிலத்தால் மாறி, செசமாலோடு கூடிச் செந்நிறம் தரும். இதற்குப் பௌடோயின் சோதனை என்று பெயர். எள்ளுக்கே உரிய இவ்வியல்பைச் சட்டம் தக்கவாறு பயன்படுத்திக்கொண்டது. வனஸ்பதி செய்வோர் அதில் நல்லெண்ணெய் சேர்த்தே தீரவேண்டும் என்று இந்திய அரசு விதித்தது. நூற்றுக்கு 5 பங்கு என்பது நெடுங்காலம் வழங்கிய அளவு. சுவைக்காகவோ மணத்திற்காகவோ அன்று. வனஸ்பதி நெய்க்குள் ஒளிந்துகொள்ளாதிருக்கும் பொருட்டே எள் அதற்குள் சாட்சியாக வைக்கப்பட்டது. உருக்கிய நெய்யைச் சோதனைக் குழாயில் அமிலத்தோடும் சர்க்கரையோடும் குலுக்கிச் சற்றுநேரம் வைத்தால், அடியில் தங்கும் அமிலம் சிவந்து கலப்படத்தைக் காட்டிவிடும். அடர் அமிலம் தோலையும் கண்ணையும் பொசுக்க வல்லது. ஆதலின் இச்சோதனையை வீட்டில் செய்தல் கூடாது. பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில் மாணவர் கண்டறியலாம்.

சோதனைக்கும் எல்லை உண்டு

எந்தச் சோதனையும் தன்னைக் கேட்ட வினாவிற்கு மட்டுமே விடை கூறும். பௌடோயின் சோதனை கேட்கும் வினா, "எள் உண்டா, இல்லையா?" என்பதே. நல்லெண்ணெய் எடுத்த கரண்டியையே நெய்யிலும் இட்டால் நல்ல நெய்யும் சிவக்கக்கூடும். எள் சேராத பாமாயிலைக் கலந்தால் கலப்பட நெய்யும் சிவக்காது. விலங்குக் கொழுப்பைக் கலந்தாலும் சிவக்காது.

ஆதலின் ஆய்வாளர் வேறு வழிகளையும் வகுத்தனர். பாற்கொழுப்பில் பியூட்டிரிக் அமிலம் முதலிய ஆவியாகும் அமிலங்கள் மிகுதி; ஏனைய கொழுப்புகளில் அவை மிகக் குறைவு. 5 கிராம் நெய்யிலிருந்து வரும், நீரிற் கரையும் இவ்வமிலங்களின் அளவைக் குறிப்பது ரைக்கர்ட்–மைசல் எண். கலப்படம் மிகுந்தால் இவ்வெண் குறையும். ஆனால் பருத்திக்கொட்டை மிகுதியாகத் தின்ற மாட்டின் தூய நெய்யிலும் இவ்வெண் குறையும் என்பதை ஆய்வாளர் கண்டனர். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் நிலத்தை அறிந்தவர் இதன் பொருளை உடனே உணர்வர். பருத்தி விளையும் ஊரில் பருத்திக்கொட்டையே கறவை மாட்டின் தீவனம். நாடு முழுமைக்கும் ஒரே எண்ணை வைத்திருந்தால், ஒரு குற்றமும் அறியாத உழவர் கலப்படக்காரர் எனப் பெயர் பெற்றிருப்பார். ஆய்வின் பயனாகவே பருத்தி விளையும் பகுதிகளுக்கு விதியில் தனி அளவு வைக்கப்பட்டது.

1983 ஆம் ஆண்டில், அயல்நாட்டிலிருந்து இறக்குமதியான மாட்டுக் கொழுப்பு வனஸ்பதியில் கலக்கப்பட்டது என்ற செய்தி நாட்டையே உலுக்கியது. புலால் மறுத்த எண்ணற்ற குடும்பங்கள் தம்மை அறியாமலே நோன்பு இழந்தோமோ என்று கலங்கின. பாற்கொழுப்பும் விலங்கிலிருந்து வருவதாதலின், மாட்டுக் கொழுப்பை நெய்யிற் கண்டறிவது தாவர எண்ணெயைக் கண்டறிவதினும் கடினம். தாவரக் கொழுப்பாயின் அதிலுள்ள சிட்டோஸ்டெரால் என்னும் பொருள் காட்டிக்கொடுக்கும். விலங்குக் கொழுப்பைக் காண, வாயு குரோமட்டோகிராபி என்னும் கருவியால் கொழுப்பின் கூறுகளைத் தனித்தனியே பிரித்து அளக்கின்றனர்.

சட்டமும் ஆய்வுக்கூடமும்

சென்னை மாகாணத்தில் 1918 ஆம் ஆண்டிலேயே கலப்படத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் 1954 ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம் வந்தது. இன்று நடப்பில் உள்ளது 2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம். இச்சட்டப்படி, உணவுப் பாதுகாப்பு அலுவலர் எடுக்கும் மாதிரி நான்கு பகுதிகளாக்கப்பட்டு முத்திரையிடப்படும். ஒரு பகுதி உணவுப் பகுப்பாய்வாளருக்குச் செல்லும். இரு பகுதிகள் நியமன அலுவலரிடம் காப்பில் இருக்கும். வணிகர் வேண்டினால் எஞ்சியதை அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவர். பகுப்பாய்வாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை தரவேண்டும். அதனை ஏற்காதவர் மேல்முறையீடு செய்யலாம். தென்மாவட்டத்தார்க்குப் பாளையங்கோட்டையிலேயே அரசின் உணவுப் பகுப்பாய்வுக்கூடம் அமைந்துள்ளது.

பலரும் அறியாத உரிமை ஒன்று இச்சட்டத்தின் 40 ஆம் பிரிவில் உள்ளது. பொருளை வாங்கிய எவரும், விற்றவருக்கு வாங்கும்போதே அறிவித்துவிட்டு, கட்டணம் செலுத்தி அப்பொருளைப் பகுப்பாய்வுக்கு உட்படுத்தலாம். பொருள் விதிக்கு மாறானது என்று தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அதிகாரி வரட்டும் என்று காத்திருக்கவேண்டுவதில்லை.

பச்சைக் குறி சொல்லாதவை

சைவ உணவுப் பொட்டலங்களில் பச்சைச் சதுரத்துள் பச்சை வட்டம் இடப்படுகிறது. அதனைக் கண்டதும் நாம் மனநிறைவு கொள்கிறோம். ஆனால் அக்குறி நம் நோன்புகளை அளந்து வகுக்கப்பட்டதன்று. 2020 ஆம் ஆண்டின் விதிகளின்படி பால் பொருள்கள், தேன், தேன்மெழுகு, அரக்கு ஆகியவை அசைவத்திலிருந்து விலக்கப்பட்டுள்ளன. எனவே தேன் கலந்த பண்டமும், அரக்குப் பூச்சியிலிருந்து வரும் அரக்கினால் மெருகிட்ட மிட்டாயும் பச்சைக் குறியோடு வரலாம். கிழங்கு, வெங்காயம், பூண்டு ஆகியவற்றை விலக்குவோர்க்கும் அக்குறி துணை செய்யாது. ஆதலின் பொட்டலத்தின் பின்புறம் உள்ள பொருட்பட்டியலைப் படித்தல் வேண்டும். அதில் 901 என்றிருந்தால் தேன்மெழுகு. 904 என்றிருந்தால் அரக்கு. 120 என்றிருந்தால் பூச்சியிலிருந்து எடுக்கும் செஞ்சாயம். வெறும் எண்ணைத் தந்தால் போதாது, ஒவ்வொரு பொருளும் தாவரத்திலிருந்து வந்ததா, விலங்கிலிருந்து வந்ததா என்பதையும் தெரிவிக்கவேண்டும் என்று தில்லி உயர்நீதிமன்றம் 2021 டிசம்பர் 9 அன்று ஆணையிட்டது.

நாம் செய்யத்தக்கவை

நெய்யில் மாவோ, மசித்த கிழங்கோ கலந்திருப்பதை வீட்டிலேயே அறியலாம். சிறிது நெய்யில் இரண்டு மூன்று துளி அயோடின் கரைசல் விட்டால், மாவுப்பொருள் இருப்பின் நீலநிறம் தோன்றும். சோதித்த நெய்யை உண்ணலாகாது. வேறு ஐயங்களுக்கு மாவட்ட நியமன அலுவலரை அணுகவேண்டும். பொருள் வாங்கும்போது ரசீது கேட்டு வாங்கிவைத்தல் வேண்டும்; ரசீது இல்லாத முறையீடு வலுவிழக்கும். கடையின்மீது ஐயம் எழுந்த அளவில் பழி கூறுதல் தகாது. முடிவு வரும்வரை பொறுத்தலே நேர்மை.

அறிவியல் நமக்காக நோன்பு நோற்காது. இன்ன பொருளில் இன்னது உளது, இன்னது இலது என்று சான்றுரைப்பதே அதன் பணி. அச்சான்றைக் கேட்டுப் பெறுவதும், அதன் எல்லையை அறிந்து நடப்பதும் நம் கடமை. தாய்மார்கள் இதனைத் தாமறிந்து, பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கும் கற்பிப்பார்களாக.

பயிற்சி வினாக்கள்

1. வனஸ்பதியில் நல்லெண்ணெய் சேர்க்கவேண்டும் என்று சட்டம் விதித்தது ஏன்?
2. பௌடோயின் சோதனையில் நெய் சிவக்காவிடில் அது தூய நெய் என்று முடிவு செய்யலாமா? காரணம் கூறுக.
3. பருத்தி விளையும் பகுதிகளுக்குத் தனி அளவு வைத்ததனால் பயன்பெற்றவர் யார்?
4. உங்கள் வீட்டில் உள்ள மூன்று பொட்டலங்களின் பொருட்பட்டியலைப் படித்து, பச்சைக் குறி இருந்தும் நம் நோன்பிற்கு ஒவ்வாத பொருள் எதிலேனும் உண்டா என்று குறித்து வருக.