கராத்தேயா, சிலம்பமா, ஜூடோவா? நிஜ அடிதடியில் எது கைகொடுக்கும்?

பள்ளிக்கூடம் திறந்த கையோடு தெருமுனைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிடுவார்கள். அந்தரத்தில் பாய்ந்து உதைக்கும் ஒரு வீரரின் படம், கீழே 'கராத்தே, குங்ஃபூ, டேக்வாண்டோ, சிலம்பம் கற்றுத் தரப்படும்' என்ற வரி. அதைப் படித்துவிட்டு வீட்டுக்கு வரும் அப்பா, "பொம்பளப் பிள்ளை... நாலு அடி அடிக்கத் தெரிஞ்சா நல்லதுதானே?" என்பார். அம்மாவுக்கோ வேறு கவலை. "கையைக் காலை ஒடிச்சிக்கிட்டு வந்தா?"

இரண்டுமே நியாயமான பேச்சுதான். ஆனால் எந்த வகுப்பில் சேர்ப்பது என்று வரும்போது நம்மில் பலர் வீட்டுக்குப் பக்கம் எது, ஃபீஸ் எவ்வளவு, எத்தனை மாதத்தில் பிளாக் பெல்ட் என்று மட்டும் விசாரித்துவிட்டு வந்துவிடுகிறோம். 'சார், இங்கே பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் உண்மையாக மோதிப் பழகுகிறார்களா?' என்று கேட்பவர் குறைவு. முதலில் கேட்க வேண்டியதே அதுதான்! ஏன் என்று பார்ப்போம்.

எட்டுப் பேர் மோதிய ராத்திரி

'புரூஸ் லீயும் முகமது அலியும் மோதினால் யார் ஜெயிப்பார்?' என்று டீக்கடை பெஞ்சில் நம் அண்ணன்மார்கள் அடித்துக்கொண்டது உங்களுக்கு நினைவிருக்கும். அதே கேள்விக்கு அமெரிக்காவில் மேடை போட்டே விடை தேடினார்கள். 1993 நவம்பர் 12 அன்று, டென்வர் நகரில், எட்டு மூலைக் கூண்டு ஒன்றுக்குள் எட்டு வீரர்கள் இறங்கினார்கள். குத்துச்சண்டைக்காரர், கராத்தேக்காரர், சுமோ மல்லர், பிரெஞ்சு பாணி உதைச்சண்டைக்காரர் என்று ஆளுக்கு ஒரு வித்தை. கடிக்கக்கூடாது, கண்ணைத் தோண்டக்கூடாது. மற்றபடி ஏறக்குறைய எல்லாமே அனுமதி.

ஜெயித்தவர் ராய்ஸ் கிரேஸி என்ற பிரேசில் நாட்டுக்காரர். எடை 80 கிலோ அளவுதான். பார்த்தால் பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி இருப்பார். எதிரியைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளி, மடக்கி, 'போதும்' என்று தட்ட வைத்துவிட்டார். அன்று ராத்திரி மட்டும் மூன்று பேர். அவருடைய வித்தையின் பெயர் ஜியு ஜிட்சு. ஜப்பான் ஜூடோ வீரர் மேடா 1914-ல் பிரேசிலுக்குப் போய், அங்கே கிரேஸி குடும்பத்துப் பையனுக்குக் கற்றுக்கொடுத்ததிலிருந்து வளர்ந்தது அது.

சரி, நம் பையனையும் அதில் சேர்த்துவிட்டால் போதுமா? அவசரப்படாதீர்கள்.

அன்றைய முதல் மோதலைப் பாருங்கள். 180 கிலோவுக்கு மேல் எடையுள்ள சுமோ மல்லரை, ஹாலந்துக்காரர் ஒருவர் 26 விநாடியில் சாய்த்தார். விழுந்த மல்லரின் முகத்தில் உதைத்ததில் பல் தெறித்தது. ஜெயித்தவரின் கதி? உடைந்த பல் துண்டுகள் அவர் பாதத்தில் பதிந்துவிட்டன, கை எலும்பும் முறிந்தது. அடி கொடுத்தவருக்கும் ஆஸ்பத்திரிதான்.

பழகும் முறைதான் ரகசியம்

கராத்தேயை விட ஜூடோ உசத்தி, ஜூடோவை விட பாக்ஸிங் உசத்தி என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. வித்தையின் பெயரை விட அதைப் பழகும் விதம்தான் முக்கியம்.

ஜிகோரோ கானோ என்ற ஜப்பானிய ஆசிரியர் 1882-ல் ஜூடோவைத் தொடங்கியபோது ஒரு காரியம் செய்தார். பழைய மல்வித்தைகளில் இருந்த ஆபத்தான அடிகளை வழக்கமான பயிற்சிச் சண்டையிலிருந்து எடுத்துவிட்டார். 'பல்லைப் பிடுங்கிய பாம்பு ஆகிவிடாதா?' என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் நடந்தது நேர் எதிர். ஆபத்தான பிடிகள் போய்விட்டதால் மாணவர்கள் தினமும் முழு பலத்தோடு, எதிர்க்கிற ஆளோடு மல்லுக்கட்டிப் பழக முடிந்தது. கண்ணைக் குத்தும் வித்தையை யார் மேல் பழகிப் பார்ப்பது? காற்றில்தான் குத்திப் பார்க்க வேண்டும். தரையில் படுத்துக் கையைக் காலை ஆட்டி நீச்சல் கற்றுக்கொண்டவனைக் கிணற்றில் தள்ளினால் என்ன ஆகும்?

2017 ஏப்ரலில் சீனாவின் செங்டு நகரில் இப்படி ஒரு கிணற்றுப் பரீட்சை நடந்தது. தாய்ச்சி கலையில் பெரிய ஆசான் என்று பேர் வாங்கிய ஒருவர், கலப்புச் சண்டை பயிற்சியாளர் ஷூ ஷியாவோடோங்கோடு மோதினார். சில விநாடிகளில் ஆசான் தரையில்! மூட்டுக்கும் உடல் சமநிலைக்கும் தாய்ச்சி அருமையான பயிற்சி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடிதடிக்கு அது போதாது, அவ்வளவுதான்.

விதிமுறை மாறினால் வீரரும் மாறிவிடுவார் என்பதற்கு அலியே சாட்சி. 1976 ஜூன் 26, டோக்கியோ. முகமது அலிக்கும் ஜப்பான் மல்லர் இனோகிக்கும் 15 ரவுண்டு போட்டி. இனோகி பெரும்பாலான நேரம் மல்லாந்து படுத்துக்கொண்டு அலியின் கால்களையே உதைத்துக்கொண்டிருந்தார். படுத்திருப்பவரை எப்படிக் குத்துவது? உலக சாம்பியனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆட்டம் டிரா ஆனது. அலியின் கால்கள் வீங்கி, ரத்தக்கட்டிகளுக்காகச் சிகிச்சை எடுக்க வேண்டி வந்தது.

வத்தல்மலை ஒற்றையடிப் பாதையில்...

இப்போது மெத்தை விரித்த ஹாலை விட்டு வெளியே வாருங்கள். தருமபுரிக்குப் பக்கத்தில் வத்தல்மலை இருக்கிறது. மலையாளி பழங்குடி மக்கள் வாழும் சின்னச் சின்ன ஊர்கள், காபித் தோட்டம், மிளகுக் கொடி, சாமைக் கொல்லை. ஊசிமுனை வளைவுகளோடு தார்ச்சாலை வருவதற்கு முன், மலை ஏறவும் இறங்கவும் நடைதான். அந்தச் சரிவுப் பாதையில், கல்லும் முள்ளுமாக இருக்கும் இடத்தில், ஒருவன் வழிமறிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம்.

தலை உயரத்துக்குக் காலைத் தூக்கி உதைக்கிறீர்களா? உருளும் கல்லில் நிற்கும் இன்னொரு கால் வழுக்கும். சேலையோ பாவாடையோ கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். டேக்வாண்டோ பார்க்க எத்தனை அழகாக இருந்தாலும் இங்கே செல்லாது. கிரேஸி மாதிரி கட்டிப்பிடித்துக் கீழே உருள்வதா? முதுகுக்கடியில் பாறை. அதோடு மறித்தவனின் கூட்டாளி பின்னால் நின்றால், உருண்டவர் எழுந்திருக்கவே முடியாது. பாக்ஸிங் கொஞ்சம் தேவலை. காலைத் தரையில் ஊன்றி, முகத்தை மறைத்து, அடி வாங்கிக்கொண்டே யோசிக்கப் பழக்குகிறது. வடசென்னையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டை வளர்ந்தது வெறும் வேடிக்கைக்காக அல்ல.

ஆனால் மலைப்பாதைக்கு இயல்பான துணை, கையில் இருக்கும் கம்புதான். நாய் வந்தாலும் பன்றி வந்தாலும் மனிதன் வந்தாலும் எட்டியே நிறுத்திவைக்கும். சிலம்பக் கம்பு நெற்றி உயரம் இருக்கும். அதன் முழு லாபமும் தூரம்தான். எதிரியின் கை உங்களைத் தொடுமுன் உங்கள் கம்பு அவனைத் தொட்டுவிடும். (பழந்தமிழில் 'சிலம்பு' என்றால் மலை என்றும் பொருள் உண்டு. வத்தல்மலையிலேயே பால்சிலம்பு என்று ஓர் ஊர் இருக்கிறது!) எம்.ஜி.ஆர். படங்களில் கம்பு சுழன்றபோது நாம் கைதட்டினோம். நிஜத்தில் பயன்படுவது அந்தச் சுழற்சியை விடக் காலடி வரிசைதான். எந்தப் பக்கம் விலகுவது, எப்போது பின்வாங்குவது என்று கால் தானாகக் கற்றுக்கொள்கிறது. நுனியால் தொட்டுப் புள்ளி எடுக்கும் ஜோடிப் போட்டி பழகும் ஆசான் கிடைத்தால் விடாதீர்கள். வெறும் அலங்காரச் சுற்று மட்டும் என்றால் அது நல்ல தேகப்பயிற்சி, கண்ணுக்கு விருந்து. அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

அதே கம்பை டவுன் பஸ்ஸுக்குள் எங்கே சுழற்றுவது? லிஃப்டுக்குள்? மாடிப்படியில்? அங்கே கழுத்தைப் பிடித்தவன் கையை உதறவும், தள்ளினால் விழாமல் நிற்கவும் தெரிய வேண்டும். அதற்கு ஜூடோ, மல்யுத்தம். இடத்தைச் சொல்லாமல் 'எது சிறந்தது' என்று கேட்டால் பதில் கிடையாது.

வர்மக்கலை பற்றியும் பலர் கேட்கிறார்கள். குமரி மாவட்ட மரபில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம், ஆக 108 இடங்கள் என்பார்கள். அவற்றில் சில, நரம்பும் பெரிய ரத்தக்குழாயும் தோலுக்கு அருகே ஓடும் இடங்கள்தான். அடிபட்டால் ஆபத்து என்பது நிஜம். ஆனால் நிலவெளிச்சத்தில், வெறியோடு ஆடிக்கொண்டிருப்பவன் உடம்பில் ஒரு விரல்கடை இடத்தைக் குறிபார்த்துத் தொடுவது கதைகளில் நடக்கிற காரியம். பயத்தில் அட்ரினலின் சுரந்ததும் இதயம் படபடக்கும், வாய் உலரும், கை நடுங்கும், பக்கவாட்டுப் பார்வை குறுகும். நுணுக்கமான விரல் வேலை அப்போது வராது. தள்ளு, இழு, ஓடு, கத்து... இந்த மாதிரி முரட்டு வேலைகள்தான் மிஞ்சும்.

கத்தி என்று வந்துவிட்டால் எந்தக் கலையும் உத்தரவாதம் இல்லை. பர்ஸைக் கொடுத்துவிட்டு உயிரைக் கொண்டுவர வேண்டியதுதான். தினம் மலை ஏறி இறங்கும் அந்தப் பிள்ளைகளுக்கு இருக்கும் நுரையீரலும் காலும் நம் பட்டணத்துப் பிள்ளைகளுக்கு இருந்தால் தற்காப்பில் பாதி முடிந்தது. ஓடிப்போவது வெட்கம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

மகளுக்கு வேறு பாடம்

பெண் பிள்ளையைப் பெற்றவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். நாம் பயப்படுவது இருட்டில் வரும் முன்பின் தெரியாதவனை. ஆனால் பாலியல் தொல்லை தருபவர்களில் பெரும்பாலோர் தெரிந்தவர்கள். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், ஏன், சில சமயம் 'மாமா' என்று கூப்பிடச் சொல்லி நாமே பழக்கியவர். அவர்மேல் எந்தக் கராத்தே உதையும் முதலில் எழும்பாது. 'தப்பா நினைச்சுக்குவாங்களோ' என்ற தயக்கம் காலைக் கட்டிவிடும்.

கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த சுமார் 900 முதலாண்டு மாணவிகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தி, முடிவை 2015-ல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு மொத்தமே 12 மணி நேரப் பயிற்சி. அதில் கை, கால் வித்தைக்கு ஒதுக்கியது கொஞ்ச நேரம்தான். மீதியெல்லாம், தெரிந்தவரின் நடத்தையில் ஆபத்தை எப்படி முன்கூட்டி அறிவது, தயங்காமல் எப்படி மறுப்பது என்பது பற்றியது. அடுத்த ஓராண்டில், பயிற்சி பெறாதவர்களில் 100-க்கு 10 பேர் வரை வன்புணர்வுக்கு ஆளானார்கள். பயிற்சி பெற்றவர்களில் 100-க்கு 5 பேர். பாதி! ஐந்து வருஷம் பெல்ட் மாற்றுவதை விட இந்தப் 12 மணி நேரம் பெரிது என்பது என் அபிப்பிராயம். 'வேண்டாம், கையை எடு' என்று உரக்கச் சொல்லும் பழக்கத்தை வீட்டில் ஆரம்பியுங்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொன்னாலும் அதட்டி அடக்காதீர்கள். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, எந்த அவசரத்துக்கும் 112. மூன்று எண்களும் மனப்பாடமாக இருக்கட்டும்.

சட்டமும் ஒரு வரி. தற்காப்புக்காக அடிப்பது குற்றமல்ல என்றுதான் 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் சொல்கிறது. ஆனால் காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் அடிக்க உரிமை இல்லை. விழுந்தவனை மிதித்தால் நீங்கள் குற்றவாளி.

அடிபட்டு வந்தால்...

தெருச்சண்டையில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் குத்து அல்ல, குத்து வாங்கிச் சாய்ந்தவரின் பின்மண்டை ரோட்டில் மோதுவதுதான். விழுந்து எழுந்து 'எனக்கு ஒண்ணுமில்லை' என்று நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவர், சில மணி நேரத்தில் வாந்தி எடுத்து மயங்கலாம். மண்டைக்குள் ரத்தம் கசிந்து சேரும்போது நடுவில் இப்படி ஒரு தெளிவு வருவதுண்டு. தலைவலி கூடினாலும், வாந்தி, அசாதாரணத் தூக்கம், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம் வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். தூங்கினால் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள்.

கையால் முகத்தில் குத்தினால் சுண்டுவிரலின் கீழே உள்ள உள்ளங்கை எலும்பு முறிவது சகஜம். குத்துச்சண்டை வீரர்கள் துணி சுற்றி, கிளவுஸ் மாட்டுவது முக்கியமாகத் தங்கள் கையைக் காக்கத்தான். இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. எதிராளியின் பல் பட்டு விரல்முட்டியில் சின்னதாகக் கிழிந்திருக்கும். கடுகளவு காயம்தானே என்று மஞ்சள் வைத்துக் கட்டிவிடுவார்கள். வாயிலுள்ள கிருமிகள் மூட்டுக்குள் புகுந்து விரலையே முடக்கிவிடக்கூடும். சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

நிரந்தரப் பல் வேரோடு விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல், தேய்க்காமல் எடுத்துப் பாலில் போட்டு, அரைமணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் ஓடுங்கள். திரும்பப் பொருத்த வாய்ப்பு உண்டு. பால் பல் என்றால் பொருத்த மாட்டார்கள். அதையும் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

டிவியில் பார்த்துவிட்டு அண்ணனும் தம்பியும் ஒருவர் கழுத்தை ஒருவர் இறுக்கி விளையாடுவதைக் கண்டால் உடனே தடுங்கள். சரியாக இறுகினால் பத்து விநாடிக்குள் நினைவு போய்விடும்.

வகுப்பில் சேர்க்கும் முன்

ஒரு நாள் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். தரையில் மெத்தை இருக்கிறதா, பல்லுக்கும் தலைக்கும் பாதுகாப்பு போடுகிறார்களா, சம எடையுள்ள பிள்ளைகளை ஜோடி சேர்க்கிறார்களா, 'போதும்' என்று தட்டியவுடன் விடுகிறார்களா என்று கவனியுங்கள். அடிபட்ட பிள்ளையைப் பார்த்து ஆசான் சிரித்தால் எழுந்து வந்துவிடுங்கள். பெண் பிள்ளைகளைத் தொட்டுத் திருத்தும்போது அவர்களைக் கேட்டுவிட்டுத் தொடுகிறாரா என்பதையும் பாருங்கள்.

ஜூடோ வகுப்பு அருகில் இருந்தால் என் ஓட்டு அதற்கு. முதல் சில வாரங்களுக்கு அவர்கள் கற்றுக்கொடுப்பது விழுவதைத்தான். மோவாயை மார்போடு ஒட்டவைத்து, முதுகை வளைத்து, கையால் தரையைத் தட்டி விழும்போது பின்மண்டை தரையில் மோதாது. சண்டை வாழ்நாளில் ஒரு தடவைகூட வராமல் போகலாம். குளியலறையில் வழுக்குவது எல்லாருக்கும் வரும்!