மனித ஓர்க்கிட்டும் சுண்ணாம்புப் புல்வெளியும்

தெற்கு லண்டனின் சுண்ணாம்புக் குன்றுகளில் நடப்போர், கோடையின் தொடக்கத்தில் சில இடங்களில் புல் வெட்டப்படாமல் உயர்ந்து நிற்பதைக் காணலாம். பிற பருவங்களில் அவ்விடங்களிலேயே புதர்கள் வெட்டப்படுவதையும், மாடுகளும் செம்மறியாடுகளும் மேய்வதையும் காணலாம். முன்னையது கவனிப்பின்மை போலவும், பின்னையது இயற்கையை அழிப்பது போலவும் தோன்றக்கூடும். உண்மையில் இரண்டுமே அருகிவரும் காட்டு மலர்களைக் காக்கத் திட்டமிட்டுச் செய்யப்படும் பணிகளாகும்.

அருகிவரும் மலர்

ஓர்க்கிட் என்றதும் கடைகளில் தொட்டியில் விற்கப்படும் வெப்பமண்டலச் செடியே பலருக்கு நினைவில் எழும். பிரித்தானியாவிலும் ஏறத்தாழ 50 வகை ஓர்க்கிட்டுகள் இயற்கையாக மண்ணில் வளர்கின்றன. அவற்றுள் ஒன்று மனித ஓர்க்கிட். மஞ்சளும் பச்சையும் கலந்த இதன் சிறு பூ ஒவ்வொன்றும், தொப்பி அணிந்து கைகால்களைத் தொங்கவிட்ட மனித உருவத்தை ஒத்திருப்பதால் இப்பெயர் வந்தது. மே, ஜூன் மாதங்களில் ஒரே தண்டில் பல பூக்கள் நெருக்கமாகப் பூக்கும்.

இச்செடி பெரும்பாலும் இங்கிலாந்தின் தென்கிழக்கே, கென்ட், சரே பகுதிகளின் சுண்ணாம்பு நிலங்களில் காணப்படுகிறது. பிரித்தானியாவின் அருகிவரும் தாவரங்களின் சிவப்புப் பட்டியலில் இது அழியும் ஆபத்திலுள்ள இனமாக இடம்பெற்றுள்ளது.

குறைந்ததற்கான காரணங்கள்

சுண்ணாம்பு மண் ஆழமற்றது, சத்துக் குறைந்தது. அதனாலேயே எந்த ஒரு புல்லும் அங்கு ஆதிக்கம் பெறாமல் பலவகைப் பூச்செடிகள் சேர்ந்து வளர முடிகிறது. உழுதலும் செயற்கை உரமும் இச்சமநிலையைக் கெடுத்தன. 1930களில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த பூக்கள் நிறைந்த புல்வெளிகளில் 97 சதவீதம் 1984ஆம் ஆண்டளவில் மறைந்துவிட்டன.

எஞ்சிய இடங்களில் மந்தை மேய்ச்சலும் குறைந்தது. 1953இல் கென்ட் பகுதியில் தோன்றிப் பரவிய மிக்சோமற்றோசிஸ் நோயினால் முயல்களும் பெருமளவில் மடிந்தன. மேயும் விலங்குகள் அகன்றதும் உயர்ந்த புல்லும் முட்புதரும் மூடி, ஓர்க்கிட்டுகளுக்கு வெளிச்சம் கிடைக்காமற் போயிற்று.

இழந்ததை மீட்பதும் எளிதன்று. ஓர்க்கிட்டின் விதை தூசியைப் போன்றது. அதில் உணவுச் சேமிப்பு இல்லை. மண்ணிலுள்ள பூஞ்சையின் துணையின்றி அது முளைத்து வளராது. முளைத்த செடி பூப்பதற்கும் பல ஆண்டுகள் செல்லும்.

பராமரிப்பு முறை

மேய்ச்சல்: பூத்து விதை முதிரும் வரை ஓர்க்கிட் உள்ள பகுதிகளில் மேய்ச்சல் தவிர்க்கப்படும். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் மேயும் விலங்குகள் புல்லைத் தாழ்வாக வைத்திருக்கும்.

புல் வெட்டுதல்: மேய்ச்சல் இல்லாத இடங்களில் கோடையின் இறுதியில் புல் வெட்டப்படும். வெட்டிய புல் அங்கேயே மக்கினால் மண்ணில் சத்து மிகுந்துவிடும் என்பதால் அது அகற்றப்படும்.

புதர் அகற்றல்: பறவைகள் கூடு கட்டாத குளிர்கால மாதங்களில் இது நடைபெறும். ஓரங்களில் சில புதர்கள் விடப்படும். மனித ஓர்க்கிட் மெல்லிய நிழலைத் தாங்கும்.

மரம் வளர்த்தல் எங்கும் நன்மையே என்று எண்ணுவது வழக்கம். ஆயினும் நீலகிரி மலைகளில் வாட்டில் மரங்களும் தைல மரங்களும் நடப்பட்டதால் அங்கிருந்த இயற்கைப் புல்வெளிகளில் பெரும்பகுதி அழிந்தது. புல்வெளியும் காட்டைப் போலவே காக்கப்பட வேண்டிய வாழிடமாகும்.

அருகில் காணக்கூடிய இடங்கள்

குரொய்டனிலுள்ள ஃபார்திங் டவுன்ஸ், ஹப்பி வலி ஆகியவை அடுத்தடுத்து அமைந்த சுண்ணாம்புப் புல்வெளிகள். ஃபார்திங் டவுன்ஸை சிற்றி ஒஃப் லண்டன் மாநகராட்சி 1883 முதல் பொதுமக்களுக்காகப் பேணி வருகிறது. ஹப்பி வலி குரொய்டன் மன்றத்திற்குரியது. கூல்ஸ்டன் சவுத் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே ஃபார்திங் டவுன்ஸை அடையலாம். தேனீ ஓர்க்கிட், பிரமிட் ஓர்க்கிட் முதலியவற்றைக் கோடையில் இப்பகுதியில் காணலாம். பிரித்தானியாவில் அரிதான பெரிய மஞ்சள் கிலுகிலுப்பைச் செடியும் இங்கு வளர்கிறது. அது புற்களின் வேர்களிலிருந்து சத்தை உறிஞ்சி அவற்றின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவதால் மற்றப் பூச்செடிகளுக்கு இடம் கிடைக்கிறது.

குடியிருப்பாளர் செய்யக்கூடியவை

• நடைபாதையை விட்டு விலகாதீர்கள். பூக்காத இளஞ்செடிகள் புல்லினுள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும்.
• பூவைப் பறிக்காதீர்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். நில உரிமையாளரின் அனுமதியின்றிக் காட்டுச் செடியை வேரோடு பிடுங்குவது 1981ஆம் ஆண்டின் வனவுயிர் மற்றும் நாட்டுப்புறச் சட்டத்தின்படி குற்றமாகும்.
• நாயின் கழிவை அகற்றுங்கள். அது மண்ணில் உரமாகச் சேர்ந்து, ஓர்க்கிட்டை நெருக்கும் புற்களை வளர்க்கும்.
• கால்நடைகள் மேயுமிடத்தில் நாயை வாரில் பிடித்துச் செல்லுங்கள், வாயிற்கதவுகளை மூடுங்கள்.
• தோட்டக் கழிவுகளைப் புல்வெளியில் கொட்டாதீர்கள்.

வீட்டில் புற்றரை உள்ளோர் அதன் ஒரு பகுதியை உரமிடாமல் கோடை முடியும் வரை வளரவிட்டு, பின்னர் வெட்டி, வெட்டிய புல்லை அகற்றலாம். குன்றுகளில் பின்பற்றப்படும் முறையும் இதுவே.