உப்பா, தண்ணீரா, லித்தியமா?

பிரிட்டனில் கேஸ் பாய்லரைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் வைக்கும் வீடுகளில் முதல் தகராறு இடத்தால்தான் வரும். சிலிண்டர் தேவைப்படாத காம்பி பாய்லர் வந்தபோது, வெந்நீர் சிலிண்டர் நின்ற அலமாரியைப் பலரும் துணி அடுக்க எடுத்துக்கொண்டார்கள். இப்போது சிலிண்டரை எங்கே நிறுத்துவது? இந்தக் கேள்வியை நம்பித்தான், வெப்பத்தைச் சேமித்து வைக்கும் ஹீட் பேட்டரி விற்கிறது.

200 லிட்டர் சிலிண்டரில் தண்ணீரை 40 டிகிரி கூடுதலாகச் சூடேற்றினால் 9 யூனிட்டுக்குச் சற்று மேல் வெப்பம் சேரும். விலை குறைவு, எல்லா பிளம்பருக்கும் பழகிய சரக்கு. ஆனால் அழுத்தத்தில் இயங்கும் சிலிண்டருக்குப் பாதுகாப்பு வால்வும் வடிகுழாயும் ஆண்டு சர்வீஸும் வேண்டும். லெஜியோனெல்லா கிருமிக்குப் பயந்து அவ்வப்போது 60 டிகிரிக்கு ஏற்றவும் வேண்டும்.

ஸ்காட்லாந்தின் சன்ஆம்ப் நிறுவனம் செய்யும் ஹீட் பேட்டரிப் பெட்டியில் இருப்பது சோடியம் அசிடேட் உப்பு. 58 டிகிரியில் உருகும்போது வெப்பத்தை வாங்கிக்கொள்ளும், உறையும்போது திருப்பித் தரும். உள்ளிருக்கும் உலோக வில்லையைச் சொடுக்கியதும் வெள்ளையாக உறைந்து சூடேறும் கைச்சூட்டுப் பை கடைகளில் விற்கிறதே, அதிலும் இதே உப்புதான். குழாய்த் தண்ணீர் பெட்டிக்குள் ஓடிச் சூடாகி வெளியே வந்துவிடும். தேங்கி நிற்காததால் கிருமிக் கவலை குறைவு. இடமும் சிலிண்டரைவிட வெகுவாக மிச்சம். எடை மட்டும் சின்னப் பரப்பில் குவிகிறது, மாடியில் வைப்பதானால் தரையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் அந்த 58-இல் இருக்கிறது. அதை உருக்க ஹீட் பம்ப் 60-ஐத் தாண்டிச் சூடாக்க வேண்டும். பழைய மாடல்கள் திணறும். புதியவை செய்துவிடும், ஆனால் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். சிலிண்டருக்கு அன்றாடம் 50 டிகிரி போதும். அதனால் பலர் உப்புப் பெட்டியை நேரடியாக மின்சாரத்தில் சூடேற்றுகிறார்கள். அப்போது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம், அவ்வளவுதான். அதே யூனிட்டை லித்தியம் பேட்டரியில் வைத்திருந்து ஹீட் பம்புக்குக் கொடுத்தால் ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். ‘யூனிட்டுக்கு எத்தனை பவுண்ட்’ என்று மட்டும் போடும் விலைப்பட்டியலில் இந்த வித்தியாசம் தெரியாது. லித்தியம் விலை அதிகம், ஆண்டுகள் போகப் போகத் தேயும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

செங்கல்லைச் சூடேற்றும் ஸ்டோரேஜ் ஹீட்டர் பழைய ஆள். வெளியே ஹீட் பம்ப் வைக்க வழியில்லாத வீட்டுக்கு மட்டும் அதன் புதிய வடிவங்களைப் பாருங்கள். பின்லாந்தின் மணல் பேட்டரி பற்றிச் செய்தி படித்துவிட்டுக் கேட்பவர்களுக்கு: அது ஊருக்கே வெந்நீர் அனுப்பும் சாதனம், வீட்டுக்கானதல்ல.

கேஸ் பாய்லரை இன்னும் கழற்றாத வீட்டில், கூரையில் சோலார் இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. மிச்ச மின்சாரத்தை கிரிட்டுக்கு விற்றால் கிடைக்கும் விலை, கேஸ் விலையைவிட அதிகமா? அப்படியானால் விற்றுவிடுங்கள், தண்ணீரை கேஸிலேயே காய்ச்சுங்கள்.

என் தீர்ப்பு: இடமும் ஹீட் பம்பும் இருந்தால் சிலிண்டர். சின்ன ஃபிளாட், இரவில் மலிவு மின்சாரம் என்றால் உப்பு. லித்தியம், ஹீட் பம்பும் சோலாரும் ஏற்கெனவே உள்ளவருக்கு. எதை வாங்கினாலும், ஹீட் பம்ப் எத்தனை டிகிரியில் ஓடும், சாதனம் ஒரு நாளில் எவ்வளவு வெப்பத்தை இழக்கும் என்ற இரண்டையும் பொருத்துபவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுங்கள்.