ஆற்றின் பெயர் கொண்ட அம்மையார்

ஒருவரைப் பற்றிக் கேட்ட செய்திகள் பல நம் நினைவில் இருக்கும். அவருடைய பெயர் மட்டும் நினைவுக்கு வராது. சிதறிய குறிப்புகளை மட்டும் கொண்டு அவரைக் கண்டறிய இயலுமா? முறையாக ஆராய்ந்தால் இயலும். பின்வரும் நிகழ்வு அதனை விளக்குகிறது.

கெரியான் ஆற்றங்கரையில் அமைந்த ஊர் பாரிட் புந்தார். அங்குப் படிவம் நான்கில் பயிலும் மாணவி ஒருத்தி, அறிவியல் துறையில் சாதனை படைத்த பெண் ஒருவரைப் பற்றிப் பேச்சுப் போட்டியில் பேச விரும்பினாள். அவளுடைய பாட்டி, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் ஆசிரியர் கூறிய ஓர் அம்மையாரை நினைவுகூர்ந்தார்.

“பேரு மறந்துபோச்சும்மா. ஏதோ ஓர் ஆத்தோட பேரு. பர்மாக்காரங்க. மண்டையோட்டை எல்லாம் அளந்து ஆராய்ச்சி செஞ்சவங்க. ஜெர்மனிக்குப் போய்ப் படிச்சாங்களாம். மகாபாரதத்தைப் பத்தியும் எழுதியிருக்காங்கன்னு வாத்தியார் சொன்னாரு.”

“இருங்க பாட்டி, எல்லாத்தையும் எழுதிக்கிறேன்,” என்றாள் பேத்தி.

குறிப்புகளைக் கேட்டபடியே எழுதிக்கொள்வது முதற்படி. அவற்றை எடைபோடுவது இரண்டாம் படி. ‘ஜெர்மனியில் படித்தவர்’ என்பது ஆயிரக்கணக்கானோருக்குப் பொருந்தும். ‘மண்டையோடுகளை அளந்தவர்’ என்பதோ மிகச் சிலருக்கே பொருந்தும். எனவே, தேடலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மண்டையோடு, எலும்பு, பல் முதலியவற்றை ஆராய்ந்து மனித உடலின் வரலாற்றை அறியும் துறை உடல்சார் மானிடவியல் எனப்படும். இத்துறையின் பயனுக்கு நம் பேராக் மாநிலத்திலேயே சான்று உண்டு. லெங்கோங் பள்ளத்தாக்கின் குகை ஒன்றில் 1991-ஆம் ஆண்டு ‘பேராக் மனிதனின்’ எலும்புக்கூடு கண்டெடுக்கப்பட்டது. அது பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது, ஓர் ஆணுக்குரியது, அவருடைய இடக்கையில் பிறவிக்குறை இருந்தது. இவை அனைத்தையும் அறிவித்தவை எலும்புகளே.

அந்த அகழாய்வுக்குத் தலைமை தாங்கியவர் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுரைனா மஜிட். பாட்டி சொன்னவர் இவராக இருக்குமோ என மாணவி முதலில் எண்ணினாள். ஆனால், பாட்டி அச்செய்தியைக் கேட்டது 1960-களின் இறுதியில். காலம் பொருந்தவில்லை. அடுத்து, இந்திய மானிடவியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் பி. எஸ். குகாவின் பெயர் கிடைத்தது. அவர் மண்டையோடுகளை ஆராய்ந்தவர்தாம், எனினும், அவர் ஆண், பயின்றதும் அமெரிக்காவில். ஒரு குறிப்பு பொருந்துகிறது என்பதற்காக ஏனைய குறிப்புகளைப் புறக்கணித்தல் தவறு.

மாணவி மீண்டும் தாளைப் பார்த்தாள். ஆற்றின் பெயர், பர்மா என்னும் இரண்டு குறிப்புகளையும் அதுவரை தனித்தனியே எண்ணியிருந்தாள். இப்போது அவற்றை இணைத்தாள். பர்மாவின் பேராறு எது? ஐராவதி! இராவதி என்றும் அதனைக் கூறுவர்.

இராவதி, மண்டையோடு, மானிடவியல் என்று தேடியதும் ஒரு பெயர் கிடைத்தது: இராவதி கார்வே.

“ஆமாம்மா, அதே பேருதான்!” என்றார் பாட்டி.

ஆயினும், மாணவி அத்துடன் நிறுத்தவில்லை. ஒரு பெயரைச் சொன்னதும் நம் நினைவு அதற்கேற்ப வளைந்துகொடுக்கும். ‘காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பது முன்னோர் மொழி அன்றோ? அவள் ஒவ்வொரு குறிப்பையும் நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்.

இராவதி 1905-ஆம் ஆண்டு பர்மாவின் மியின்ஜான் நகரில் பிறந்தார். தந்தை அங்குப் பருத்தி நிறுவனம் ஒன்றில் பொறியாளராகப் பணியாற்றினார். ஆற்றின் பெயரையே மகளுக்கும் சூட்டினார். ஆனால், அவர்களுடைய குடும்பம் மராத்தியக் குடும்பம். ஏழு வயதிலேயே இராவதி கல்விக்காகப் புனே நகருக்கு அனுப்பப்பட்டார். ஆக, ‘பர்மாக்காரர்’ என்னும் குறிப்பு பாதிதான் உண்மை. இருந்தும், அந்தப் பாதி உண்மையே வழியைக் காட்டியது. மகாபாரதக் கதைமாந்தரை ஆராய்ந்து மராத்தியில் அவர் எழுதிய ‘யுகாந்தா’ என்னும் நூல் சாகித்திய அகாதமி விருதைப் பெற்றிருந்தது. அக்குறிப்பும் சரியே.

எஞ்சியது ஜெர்மனி. அங்கு நடந்ததுதான் இராவதியின் பெருமையை உணர்த்துகிறது.

பெண்கள் உள்ளூரில் கல்லூரிக்குச் செல்வதே அரிதாக இருந்த காலம் அது. இராவதியின் மாமனார் தோண்டோ கேசவ கார்வே, பெண்களுக்கெனப் பல்கலைக்கழகம் நிறுவிய பெரியவர். அவர்கூட மருமகள் ஜெர்மனிக்குச் செல்வதை விரும்பவில்லை. கணவர் தினகரின் ஆதரவோடு இராவதி பெர்லினுக்குச் சென்று, ஆய்கன் பிஷர் என்னும் பேராசிரியரின்கீழ் ஆய்வில் ஈடுபட்டார்.

ஐரோப்பிய வெள்ளையரே அறிவில் உயர்ந்தவர் என்று பிஷர் நம்பினார். அவர்களுடைய மண்டையோட்டின் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒத்திராமல் இருப்பது அதற்கு அடையாளம் எனக் கருதினார். அதனை அளந்து பார்க்கும் பணி இராவதியிடம் வந்தது. அவர் 149 மண்டையோடுகளை நுணுக்கமாக அளந்தார். மண்டையோட்டின் சமச்சீரின்மைக்கும் இனத்திற்கும் தொடர்பே இல்லை என அளவுகள் காட்டின.

இராவதியின் நிலையை எண்ணிப் பாருங்கள். அயல்நாடு, கடன் வாங்கிய பணம், பட்டத்திற்குப் பேராசிரியரின் ஒப்புதல் தேவை. அவர் விரும்பிய முடிவை எழுதுவது எளிது. ஆனால், இராவதி தம் அளவுகள் காட்டிய முடிவையே எழுதினார். 1930-ஆம் ஆண்டு முனைவர் பட்டமும் பெற்றார். சில ஆண்டுகளில் ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சி ஏற்பட்டது. பிஷர் போன்றோரின் இனக் கொள்கை அவ்வாட்சியின் கொடுமைகளுக்குத் துணைபோனது. இராவதியின் நேர்மை எத்தகையது என்பது இதனால் விளங்கும்.

தாயகம் திரும்பிய இராவதி, 1939 முதல் புனே தக்காணக் கல்லூரியில் பணியாற்றினார். 1953-இல் வெளிவந்த அவருடைய நூல், இந்திய மக்களின் உறவுமுறைகளை வட்டாரவாரியாக ஆராய்ந்தது. தாயின் உடன்பிறந்தவரையும் ‘மாமா’ என்கிறோம்; கணவன் அல்லது மனைவியின் தந்தையையும் ‘மாமா’ என்கிறோம். ஒரே சொல் இருவரையும் குறிப்பது ஏன்? மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கம் தென்னிந்தியாவில் இருந்ததே அதற்குக் காரணம். நாம் அன்றாடம் வழங்கும் உறவுச்சொல்லும், எலும்பைப் போலவே, மனித வரலாற்றுக்குச் சான்றாகிறது.

இராவதி கார்வே 1970-ஆம் ஆண்டு மறைந்தார். தாம் எதிர்பார்ப்பதையோ பெரியவர் சொல்வதையோ அப்படியே ஏற்காமல், சான்று காட்டும் வழியில் செல்வதே ஆய்வு. மறந்துபோன ஒரு பெயரைத் தேடுவோர்க்கும் மனித இனத்தின் வரலாற்றைத் தேடுவோர்க்கும் இது பொதுவான விதியாகும்.

சிந்தித்து விடையளிக்க

1. ‘மண்டையோடுகளை அளந்தவர்’ என்னும் குறிப்பு ஏன் வலுவானது?
2. பாட்டி பெயரை ஒப்புக்கொண்ட பின்னரும் மாணவி ஆராய்ந்ததற்குக் காரணம் யாது?
3. பெர்லினில் இராவதி எடுத்த முடிவு குறித்து உம் கருத்தை எழுதுக.